ஆறி ஆறித் திரும்பும் மூக்கு மடிப்புப் புண்

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு 4 வயது. மூக்குக்கு மேலே உள்ள தோல் மடிப்பு சிவந்து, ஈரமாகி, நாற்றமடிக்கிறது. மருந்துக்கடையில் தோல் களிம்பு வாங்கித் தடவினால் நாலு நாளில் சரியாகிறது. நிறுத்தினால் இரண்டே வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் களிம்பின் உறையைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கிவிடும், ஆனால் நாளாவட்டத்தில் தோல் மெலிந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். விழியில் புண் இருந்து அதில் பட்டுவிட்டால் பெரிய ஆபத்து. இன்றே நிறுத்துங்கள்.

மடிப்புக்குள் காற்று புகாது. கண்ணீர் வழிந்து தேங்கி, தோலோடு தோல் உரசி, தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் பெருகுகின்றன. பெருகியது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கால்நடை மருத்துவர் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நிலக்கடலை வடிவில் ஈஸ்ட்டோ கொத்துக்கொத்தாக உருண்டைக் கிருமிகளோ தெரியும். மருந்து அதைப் பொறுத்தது. மேலோட்டமான புண்ணுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படாது.

வீட்டில் செய்ய வேண்டியது: மடிப்பை இரண்டு விரலால் விரித்து, நாய்களுக்கான 2–4% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) வைப்ஸால் அடிவரை மெதுவாகத் துடையுங்கள். கையில் தேய்க்கும், ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் வேண்டாம், எரியும். விழியில் பட்டால் குளோர்ஹெக்சிடினே கருவிழியைப் புண்ணாக்கும் என்பதால், கண்ணோரத்துக்கு சலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சு மட்டும். பிறகு உலர்ந்த மெல்லிய துணியை மடிப்புக்குள் வைத்து ஒற்றி எடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஈரத்தோடு மூடிய மடிப்பைத் துடைக்காமலே விட்டிருக்கலாம். பவுடர் கட்டிதட்டி உரசும். தேங்காய் எண்ணெயும் கூடாது: மலசீசியா கொழுப்பைத் தின்று வளர்வது.

இரண்டு வாரம் தினமும் செய்து, மருத்துவர் மறுபடி ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சுத்தமாக இருந்தால் வாரம் 2–3 முறை போதும். ஆனால் அது ஆயுள் முழுக்க. நாற்றம் போனதும் நிறுத்தினால், மடிப்பு அங்கேயேதானே இருக்கிறது?

பாதத்தை ஓயாமல் நக்குகிறதா, காதிலும் அடிக்கடி சீழ் வருகிறதா? அப்படியானால் அடியில் அலர்ஜி இருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுருண்ட வாலின் அடியிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு, விரல் விட்டுப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினாலோ நீர் கொட்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மடிப்பு முடி விழியில் உரசிக்கொண்டே இருந்தால் மடிப்பை அறுவை செய்து எடுப்பதுதான் வழி.