வியட்நாமியக் குடும்பங்களுக்கான டிமென்ஷியா இணையப் பாடம்: கேள்வி பதில்

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுவோர் சுமார் 3.2 லட்சம் பேர். சிட்னியில் கப்ரமட்டா, மெல்பர்னில் ஃபுட்ஸ்கிரே, ஸ்பிரிங்வேல், பிரிஸ்பேனில் இனாலா என்று சில இடங்களில் அடர்ந்து வாழ்கிறார்கள். அங்கே முதியோர் சேவையில் இருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

எங்கள் மையம் ஒரு பாடம் தயாரிக்க நினைக்கிறது. எங்கே தொடங்குவது?

புதிதாக எழுத உட்காராதீர்கள். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'ஐசப்போர்ட்' என்ற பாடத்தை வெளியிட்டது: 5 தொகுதி, 23 பாடம். அதில் 10 பாடங்கள் நடத்தை மாற்றங்களுக்கே. முதலில் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். ஆட்களின் பெயர், சாப்பாடு, படம், உதவி எண் எல்லாம் மாற்றலாம். பாடத்தின் உட்கருத்தை மாற்றக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று பத்தி அட்டவணையில் எழுதி வையுங்கள்: பழைய வாக்கியம், புதிய வாக்கியம், காரணம். காரணம் எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து வரும் புதிய ஆள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவார்.

வரைவைக் காட்டும்போது கணவன் மனைவிமார் தனிக் குழு, மகன் மகள்மார் தனிக் குழு. ஒரே அறையில் உட்கார வைத்தால் பிள்ளைகள் எதிரில் பெரியவர்கள் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பார்கள்.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. ஆனால் படித்தவர்கள் 'சில்லென்று இருக்கிறது' என்கிறார்கள். ஏன்?

'நீங்கள்' என்ற இடத்தில் 'பான்' என்று போட்டிருப்பீர்கள். நண்பர் என்று பொருள். செயலிகளில் புழங்கும் சொல், எழுபது வயது அம்மாவிடம் சொல்லும் சொல் அல்ல.

தமிழில் 'நீங்கள்' ஒன்றை வைத்து யாரிடமும் பேசித் தப்பிக்கலாம். வியட்நாமியத்தில் அந்த வசதி இல்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உறவுச்சொல்லே பிரதிபெயர். அம்மாவிடம் பேசும் மகள் தன்னை 'கோன்' (பிள்ளை) என்பாள், அம்மாவை 'மா' என்பாள். 'நான்', 'நீங்கள்' இரண்டுமே அந்த வாக்கியத்தில் வராது. ஆகவே பாடத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது முடிவாகியிருக்க வேண்டும். "உங்கள் தாயாரிடம் அமைதியாகப் பேசுங்கள்" என்பதை விட, "மா, கோன் வந்திருக்கேன்" என்று அந்த வீட்டு வாக்கியத்தையே எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று. 1975-இல் தெற்கு வியட்நாம் வடக்கின் கம்யூனிச அரசிடம் வீழ்ந்த பின் வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர். மருத்துவமனையை 'ஞா துவோங்' என்றே சொல்லிப் பழகிய பெரியவர்கள் இருக்கிறார்கள். வடக்கிலுள்ள தலைநகர் ஹனோயில் இன்றைய சொல் 'பெங் வியன்'. பதிவு செய்வதற்கு இவர்கள் சொல் 'கீ யான்', அங்கே 'டாங் கீ'. ஹனோயில் மொழிபெயர்த்து வாங்கினால் பிழை இருக்காது, ஆனால் சில முதியவர்களுக்கு அது அரசாங்கக் குரலாகக் கேட்கும். எந்த அரசாங்கம் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்காக எல்லா அப்பா அம்மாவையும் தெற்கத்திய 'பா, மா' ஆக்கிவிடாதீர்கள். 1954-இல் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் வடக்கத்திய 'போ, மே' கேட்கலாம்.

'பான்' வேண்டாம் என்றால் 'குவீ வீ' போடலாமே? ஆஸ்திரேலிய அரசுத் துண்டறிக்கையெல்லாம் அப்படித்தானே?

போடலாம். 'மதிப்பிற்குரியோரே' என்கிற தொனி. முன்னுரைக்குச் சரி; 23 பாடத்துக்கும் அதையே போட்டால் மேடைப் பேச்சாகிவிடும்.

மறுக்கிறேன். 'ஆன் சி' (அண்ணன், அக்கா) போதும். நடுவயதுக்காரர் யாருக்கும் அதுதான் மரியாதை.

நடுவயதுக்காரருக்கு, சரி. எழுபத்தெட்டு வயது மனைவி படித்தால்? பாடத்தின் குரல் அவர் தலைமுறையா?

அப்போ இரண்டு பதிப்பா? செலவு யார் தருவது?

இரண்டு பதிப்பு வேண்டாம். நுழைவில் ஒரே கேள்வி: "யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? துணையையா, பெற்றோரையா?" அந்தப் பதிலை வைத்து விளிச்சொல்லும் எடுத்துக்காட்டு உரையாடலும் மாறட்டும். பொத்தான்களில் விளிச்சொல்லே வேண்டாம். 'இங்கே அழுத்தவும்' என்பதை அந்த மொழியில் எழுவாய் இல்லாமலே எழுதலாம். மகன் மகளுக்கு ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். இங்கே வளர்ந்தவர்களில் பலருக்கு வியட்நாமியம் பேச வரும், வாசிப்பது ஆங்கிலத்தில்தான்.

கூகுளில் மொழிபெயர்த்துத் திருத்தினால் போதாதா?

போதாது. விளிச்சொல் பற்றி மேலே உள்ள நான்கு பதில்களையும் படியுங்கள்.

நோய்க்கு எந்தப் பெயர் போடுவது?

'சா சூட் சீ துவே': அறிவுத்திறன் சரிவு. தலைப்புக்கு அதுவே. வீட்டில் சொல்வது 'லன்'. "பாட்டி லன்" என்றால் "வயசானா அப்படித்தான்" என்று பொருள். தலைப்பில் அதைப் போட்டால் இது நோய் என்பதே போய்விடும். ஆனால் முதல் பத்தியில் "வீட்டில் லன் என்கிறோமே, அதுதான்" என்று சேர்க்காவிட்டால், இது தங்களுக்கான பாடம் என்று யாருக்கும் தெரியாது. 'மட் சீ' வேண்டவே வேண்டாம். புத்தி போனது, பைத்தியத்துக்குப் பக்கத்துச் சொல்.

முதுகில் சிவப்புக் கோடுகளோடு ஒரு பாட்டியைப் பார்த்தோம். துன்புறுத்தலா?

முதலில் 'காவ் யோ'வா என்று பாருங்கள். தைல எண்ணெய் தடவி, நாணயம் அல்லது கரண்டி விளிம்பால் சுரண்டும் வைத்தியம். சளி, உடம்பு வலிக்குச் செய்வார்கள். தண்டுவடத்தை ஒட்டியும் விலா எலும்பு வழியாகவும் இரு பக்கமும் ஒரே சீராக நீளக் கோடுகள் விழும். சில நாளில் மறையும். ஒழுங்கில்லாத இடங்களில் கன்றிய காயம், பிடித்த விரல் தடம் என்றால் அது வேறு, முறைப்படி தெரிவியுங்கள். நோயாளியால் விளக்க முடியாது என்பதால், பணியாளர் வரும் முன் குடும்பத்தார் சொல்லிவிட வேண்டும் என்பதைப் பாடத்தில் சேருங்கள். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடும் முதியவருக்கு, தோல் மெலிந்தவருக்கு, காவ் யோ கூடாது என்பதையும்.

'ரெஸ்பிட்' (தற்காலிக மாற்றுப் பராமரிப்பு) என்பதை 'ஓய்வு' என்று மொழிபெயர்த்தோம். யாரும் கேட்டு வரவில்லை.

எப்படி வருவார்கள்? அம்மாவை விட்டுவிட்டு ஓய்வெடுக்கிற பிள்ளை என்று எந்தப் பிள்ளை பெயரெடுக்கும்? 'சில நாள் வேறொருவர் கைமாற்றிப் பார்ப்பது' என்ற பொருளில் எழுதுங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பு இப்போது நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை.

அப்பா நேற்றிலிருந்து திடீரென்று ஆளே மாறிவிட்டார். எந்தப் பாடம் பார்ப்பது?

பாடம் வேண்டாம், இன்றே மருத்துவர். ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மருந்து என்று வேறு காரணம் இருக்கலாம். மெல்ல மாறும் நடத்தைக்கு டிமென்ஷியா உதவி எண் 1800 100 500. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முதலில் 131 450-ஐ அழையுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள்.

அச்சிடப் போகிறோம். கடைசியாக எதைச் சரிபார்ப்பது?

எழுத்தின் மேல் கீழ்க் குறிகளை. 'மா' என்ற ஒலி ஆறு தொனியில் ஆறு சொல்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. அம்மாவுக்கும் கல்லறைக்கும் வித்தியாசம் 'a' எழுத்தின் மேலுள்ள ஒரு சிறு குறிதான். பழைய எழுத்துருக் கோப்பை அப்படியே ஒட்டினால் குறி உருமாறும். யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள். ஒரே எழுத்தின் மேல் இரண்டு குறி அடுக்கி வரும், வரி இடைவெளி குறைந்தால் மேற்குறி வெட்டுப்படும். தலைப்புகளிலும் பொத்தான்களிலும்தான் இது அதிகம். கணினித் திரையில் பார்த்தால் போதாது. அச்சுப் படியையும் மலிவான கைப்பேசித் திரையையும் வியட்நாமியம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து வரிக்கு வரி பார்க்கச் சொல்லுங்கள்.