பெட்ராவில் மூன்று மணி நேரம் – கடிதம்

வணக்கம் ஐயா,

போன மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஜோர்டான் போய்வந்தேன். பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராவுக்கு எங்களுக்குக் கொடுத்தது மொத்தமே மூன்று மணி நேரம். வழிகாட்டி வழியெல்லாம் புதையல் கதை சொன்னார். பாறையில் செதுக்கிய பெரிய முகப்பான கஸ்னேவின் முன்னால் ஆளுக்கு நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அடுத்து எகிப்துக்கும் இதே மாதிரி குழுப் பயணம், முன்பணம் கட்டியாகிவிட்டது. அங்கே அபு சிம்பெல் பாறைக் கோயில்களுக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். ரத்து செய்துவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

ரத்து செய்யாதீர்கள். அஸ்வானிலிருந்து அபு சிம்பெலுக்குப் பாலைவனச் சாலையில் கிட்டத்தட்ட 280 கி.மீ. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டிய அந்தத் தூரத்துக்குத் தனியாக வண்டி பிடித்துப் போவதைவிடக் குழு நல்லது. குழுவோடு போவதில் தவறே இல்லை. பார்ப்பதையும் குழுவிடம் ஒப்படைத்துவிடுவதுதான் சிக்கல்.

பெட்ராவின் கணக்கைப் பாருங்கள். நுழைவாயிலிலிருந்து கஸ்னே வரை சுமார் 2 கி.மீ., அதில் 1.2 கி.மீ. ‘சீக்’ என்னும் மலையிடுக்கு. போக வர 4 கி.மீ., நடுவே நின்று நின்று கதை. மூன்று மணி நேரம் அதற்கே சரியாகிவிடும். ஊர் ஆரம்பிப்பதே கஸ்னேவைத் தாண்டித்தான். பாறையில் குடைந்த அரங்கம், தூண்கள் நிற்கும் பெரிய தெரு, அப்புறம் 800 படிபோல ஏறினால் மலைமேல் அத்-தைர் என்னும் இன்னொரு பாறை முகப்பு. (கழுதைமேல் ஏறிக்கொள்ளச் சொல்வார்கள், வேண்டாம். அந்தப் படிகளில் அவை படும் பாட்டைப் பார்த்தால் நீங்களே இறங்கிவிடுவீர்கள்.) ஜோர்டானில் இரவு தங்கும் பயணிக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார், இரண்டு நாளுக்கு 55. அதாவது மறுநாளுக்கு ஐந்தே தினார். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் இரண்டாம் நாள் தருவதில்லை.

சரி, மூன்று மணி நேரம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள்ளும் பார்த்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: தண்ணீர். பெட்ராவை உருவாக்கிய நபாத்தியர்கள் வாசனைப் பிசின் வணிகத்தில் செழித்தவர்கள். சுற்றிலும் வறண்ட மலை, ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ. மழை. அங்கே ஒரு தலைநகரம். எப்படி என்பதற்கான பதில் நீங்கள் நடந்துபோன அந்த இடுக்கின் சுவரிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுட்ட மண் குழாய்கள். வண்டல் படிந்து தங்கச் சிறு தொட்டிகள், தண்ணீர் மெதுவாக இறங்கும்படி அளந்து வைத்த சரிவு. ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுநீர் இப்படித்தான் உள்ளே வந்தது.

அந்த 150 மி.மீ.யும் சில நாட்களில் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அதனால் சீக்கின் வாயில் அணை கட்டி, வெள்ளத்தைக் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். காலப்போக்கில் அணை பாழானது. 1963 ஏப்ரலில் அந்த இடுக்குக்குள் வெள்ளம் புகுந்து, பிரெஞ்சு சுற்றுலாக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அணையைத் திரும்பக் கட்டினார்கள். வானம் கறுத்திருக்கிறது, இன்று உள்ளே போக வேண்டாம் என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அவரோடு சண்டை போடக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

உங்கள் வழிகாட்டியையும் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். கஸ்னேவின் உச்சியில் இருக்கும் கல் கலசத்தில் துப்பாக்கிக் குண்டுகளின் தழும்பு உண்டு. உள்ளே தங்கம் என்று நம்பிச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் காலடியில் இருப்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். அந்த முற்றத்துக்குக் கீழே 2003இல் கல்லறைகள் கிடைத்தன. 2024இல் இன்னொன்று, அதில் 12 எலும்புக்கூடுகள்.

அபு சிம்பெலுக்கு வருவோம். எல்லாப் பேருந்துகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும், எல்லோரும் பழங்கால எகிப்திய மன்னர் ராம்சேஸின் பெரிய கோயிலுக்குள் முட்டுவார்கள். நீங்கள் முதலில் பக்கத்தில் உள்ள, அவர் அரசி நெஃபர்தாரியின் சிறிய கோயிலுக்குப் போய்விடுங்கள். பிறகு பெரிய கோயிலின் சிலைகளிலும் சுவர்களிலும் இணைப்புக் கோடுகளைத் தேடுங்கள். அஸ்வான் அணையின் நீரில் மூழ்காமல் இருக்க, 1964க்கும் 1968க்கும் இடையில் இரண்டு கோயில்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, பழைய இடத்தைவிடச் சுமார் 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் தள்ளித் திரும்ப அடுக்கினார்கள். கோயிலுக்குப் பின்னால் தெரியும் மலையும் செயற்கைதான். அதற்குள் கான்கிரீட் கூரை இருக்கிறது.

வண்டியை விட்டு இறங்கும்போதே திரும்பும் நேரத்தையும் வண்டி நிற்கும் இடத்தையும் கேட்டுக்கொண்டு, சொல்லிவிட்டுப் பிரிந்து போங்கள். விளக்கத்தை முந்தைய இரவே படித்துக்கொள்ளலாம். தூக்கம் கெடுமே என்று கவலை வேண்டாம், அஸ்வான் திரும்பும் வழி முழுக்கத் தூங்கலாம்.