குதிரும் கோடையும்: காவிரிப் படுகையின் பழைய விவசாய வீடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அந்தக் காலத்தில் தஞ்சைப் பக்கம் விவசாய வேலை எப்போது தொடங்கும்?

பதில்: ஆற்றில் தண்ணீர் வரும்போது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகுதான் ஜூன் 12-இல் திறப்பு என்றொரு கணக்கு வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் காவிரி பிறக்கும் குடகில் மழை பிடித்து ஆறு பெருகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் முந்தி எட்டும் வயல்களில் குறுகிய கால நெல்லான குறுவை, அதை அறுத்ததும் இரண்டாம் போகமாகத் தாளடி. மற்ற இடங்களில் நீண்ட கால நெல்லான சம்பா ஒரு போகம். ஆடி, ஆவணியில் நாற்றங்கால் விட்டால் தை மாதம் அறுப்பு.

கேள்வி: கோடையில் சும்மாதானே இருந்திருப்பார்கள்?

பதில்: யார் சொன்னது! சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, சேற்றில் ஈரம் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். அதைப் பிடுங்கி முடித்ததும் வயலில் ஆட்டுக்கிடை. ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் என்ற ஆட்டு இடையர்கள் மந்தையை ஓட்டிவந்து இரவில் வயலில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். அப்புறம் குளத்து வண்டல் அள்ளுவது, எரு அடிப்பது, கூரை மாற்றுவது.

வீட்டுக்குள் பெண்களுக்கு இதைவிட வேலை. புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, அரிவாள்மணையில் கீறிக் கொட்டையை எடுத்து, மறுபடி வெயிலில் காட்டி, கல்லுப்பு தூவிப் பானையில் அடுக்கடுக்காக அழுத்த வேண்டும். அது ஒரு வருஷத்துக்கு வர வேண்டும். மிளகாய், வடகம், வத்தல், ஊறுகாய் எல்லாமே அந்த வெயிலை நம்பித்தான். தன்னிறைவு என்று நாம் பெருமையாகப் பேசுவதில் பாதி இந்தக் கோடை வேலைதான் என்பேன்.

கேள்வி: நெல்லைப் பூச்சி அரிக்காமல் எப்படி வைத்திருந்தார்கள்?

பதில்: நன்றாகக் காயவைத்ததுதான் முதல் காரணம். சாப்பாட்டு நெல் மண்ணால் செய்த குதிரிலோ மரத்தால் செய்த பத்தாயத்திலோ இருக்கும். குதிரில் மேலே கொட்டி, அடியில் உள்ள துவாரம் வழியாக எடுப்பதால் பழைய நெல் முதலில் செலவாகிவிடும். விதை நெல் தனி. வைக்கோல் புரி சுற்றிக் கோட்டை என்ற உருண்டைக் கட்டாகக் கட்டி, மேலே சாணி மெழுகிவிடுவார்கள்.

கேள்வி: உப்பு மட்டும்தான் வெளியே வாங்கினார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். இரும்பு, துணி, பிறகு மண்ணெண்ணெய் எல்லாம் வெளியிலிருந்துதான். கொல்லர், தச்சர், குயவர், சலவைத் தொழிலாளி, நாவிதர் ஆகியோருக்குக் களத்திலேயே நெல் அளந்தாக வேண்டும். நெல் அளக்கும் மரக்கால்தான் கணக்கு, 12 மரக்கால் ஒரு கலம். நாற்று நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த பண்ணையாள், அதாவது நிலக்காரரிடம் வேலை செய்த கூலி ஆள், வீட்டிலோ பத்தாயம் கிடையாது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது இந்த நிலைமையால்தான். தாத்தா கதையில் இந்த ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் கஷ்டம்?

பதில்: ஐப்பசி, கார்த்திகை. போன வருஷத்து நெல் அடிமட்டத்துக்கு வந்திருக்கும், சம்பா இன்னும் பச்சையாக நிற்கும். நெல் இருந்தாலும் அவித்துக் காயவைக்க வெயில் வேண்டுமே! அடைமழைக்கு முன்பே குத்தி அரிசியாக்கி வைத்த வீடு தப்பித்தது.