பஸ்ஸில் சத்தி வந்தால் வயிற்றைத் திட்டாதீர்கள்

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புதான் என் ஆராய்ச்சி என்று தெரிந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது பஸ்ஸும் சத்தியும்தான். சரி, இந்தமுறை வந்தவற்றில் சில.

ஒன்பது வயது மகள் வவுனியா போவதற்குள் இரண்டு தரம் சத்தி எடுக்கிறாள். வெறும் வயிற்றோடு கூட்டிப் போகவா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம், வெறும் வயிறு இன்னும் பிரட்டும். ஒரு துண்டுப் பாண் கொடுத்து, முன் சீற்றில் இருத்தி, போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில்தான் இது கடுமை, வளர வளரக் குறையும். மாத்திரை என்றால் வைத்தியரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே கொடுக்க வேண்டும். பிரட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பயனில்லை. தேசிக்காய் மணப்பதில் கெடுதல் இல்லை. நானும் மணந்திருக்கிறேன், சத்தியும் எடுத்திருக்கிறேன்.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கிப் போனால் ஒன்றுமில்லை, சொகுசு பஸ்ஸில் பிரட்டுகிறது. ஏன்? (மாங்குளம்)

நல்ல கேள்வி. வேகமான குலுக்கல் உடம்பை நோகப்பண்ணும், சத்தி வரவைக்காது. ஐந்து நொடிக்கு ஒருதரம் என்ற அளவில் மெதுவாக வரும் ஆட்டம்தான் மோசம், மெத்தென்ற பஸ்ஸும் கடல் அலையும் ஏறக்குறைய அப்படித்தான் ஆடும்.

காதுதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (உயர்தர மாணவி, முல்லைத்தீவு)

வியன்னாவில் ரொபேர்ட் பராணி என்ற வைத்தியர் ஒரு நோயாளியின் காதைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் குளிர், அதுதான் தலை சுற்றுகிறது என்றார் நோயாளி. அடுத்ததாக வந்த தண்ணீர் சூடு கூடிவிட்டது, அப்போதும் சுற்றியது, ஆனால் கண்மணி முன்பு துடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் துடித்தது! காதின் சமநிலை உறுப்பில் உள்ள அரைவட்டக் குழாய்களின் திரவத்தை வெப்பம் அசைக்கிறது என்று அதிலிருந்து பிடித்தார். 1914க்கான நோபல் பரிசு கிடைத்த செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி.

எனக்கு இன்னும் பிடித்தது அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சியாளர் ஆஷ்டன் கிரேபீல் செய்தது. காது கேளாத 11 பேரைச் சுழலும் அறையிலும் விமானத்திலும் ஏற்றிப் பார்த்தார்கள், எல்லோருக்கும் சமநிலை உறுப்பும் பழுது, பெரும்பாலானோருக்குச் சிறுவயதில் வந்த மூளையுறைக் காய்ச்சலால். யாருக்கும் பிரட்டவில்லை. கனடாப் பக்கம் கொந்தளித்த கடலில் கப்பலேறியபோது அவர்கள் இருந்து காட்ஸ் விளையாட, ஆராய்ச்சியாளர்கள் சத்தியெடுத்துச் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வயிறு எல்லோருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் காதில். உடம்பு அசைகிறது என்று காது சொல்ல, பஸ்ஸுக்குள்ளே பார்க்கும் கண் அசையவில்லை என்று சொல்ல, இரண்டும் ஒத்துவராமல்தான் மூளை குழம்புகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

அம்மா படுக்கையில் திரும்பினால் அரை நிமிடம் வீடே சுற்றுகிறதாம். பிரஷரா? (கிளிநொச்சி)

பிரஷரைப் பாருங்கள், ஆனால் நீங்கள் சொல்வது காதுக்குள் உள்ள சுண்ணாம்புப் பளிங்குத் துகள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்ததுபோல இருக்கிறது. தலையை ஒரு வரிசைப்படி திருப்பி அதைத் திரும்ப வெளியே எடுக்கும் எப்லி முறை இருக்கிறது; மாத்திரையைவிட அது நல்லது, முதல்தரம் காது வைத்தியர் கையால் செய்யட்டும். பேச்சுக் குளறினாலோ நடை தள்ளாடினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்று நாள் கடலில் நின்று வந்தால் கரையில் தரை ஆடுகிறது.

மூளை அலைக்குப் பழகிவிட்டது, கரைக்குப் பழக ஓரிரு நாள் எடுக்கும். அதுவரை மோட்டார் சைக்கிளை மகனிடம் கொடுங்கள்.