விருந்துக்குப் பின் சொல்லப்படும் கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பில் வேலை பார்க்கும் என் மருமகன், தன் நிறுவனத்தின் இராவிருந்தில் ஓய்வுபெற்ற வெளிநாட்டு றக்பி வீரர் ஒருவர் பழைய ஆட்டக் கதைகளைச் சொல்லி மண்டபத்தையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்ததாகச் சொன்னார். அதற்குப் பணமும் கொடுத்தார்களாம். கதை சொல்வதும் ஒரு தொழிலா, ஐயா?
— வாசகர், பரந்தன்

பதில்: தொழில்தான். அது தொழிலானதற்கு அந்த ஆட்டத்தின் பழைய சட்டமே காரணம். பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியனில் 1995 ஓகஸ்ட் மாதம் வரை ஆடுவதற்குப் பணம் வாங்க இடமில்லை. நியூசிலாந்தின் கொலின் மீட்ஸ் பண்ணை பார்த்தார், அயர்லாந்தின் வில்லி ஜோன் மக்பிறைட் வங்கியில் வேலை செய்தார், வேல்ஸின் ஜே. பி. ஆர். வில்லியம்ஸ் வைத்தியர். சனிக்கிழமை நாட்டுக்காக ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனவர்கள் இவர்கள். இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்த பில் போமண்ட் 1982இல் ஓய்வுபெற்றுத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி அதன் வருமானத்தை எடுத்துக்கொண்டபோது, அவரையும் பணத்துக்கு ஆடியவர்களின் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவைத்தார்கள். உடம்பில் காயங்களும் நினைவில் கதைகளும் மட்டுமே மிஞ்சிய ஒரு தலைமுறைக்கு, விருந்து மேசையில் எழுந்து நின்று பேசுவது நேர்மையான வருமானமாக அமைந்தது. அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படிப்பட்ட கதைகள் இரண்டொன்றைச் சொல்லுங்கள். அவற்றில் எவ்வளவு உண்மை?
— வாசகி, ஓமந்தை

பதில்: முதலில் நம் பக்கத்து வெள்ளியில் செய்த ஒரு கிண்ணத்தின் கதை. கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேயரின் றக்பிக் கழகம் 1870களின் இறுதியில் ஆளின்றித் தேய்ந்து கலைந்தது. கழகத்தில் இலவசமாக மது ஊற்றுவதை நிறுத்தியதும் உறுப்பினர் குறைந்தார்கள் என்பது விருந்துகளில் தவறாமல் சொல்லப்படும் பகுதி. எஞ்சிய பணத்தை வங்கியிலிருந்து வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, மூன்று நாகங்கள் கைபிடிகளாகவும் மூடியின் மேல் ஒரு யானையுமாகக் கிண்ணம் செய்து இங்கிலாந்துச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் அந்தக் கிண்ணத்துக்காக ஆடுகின்றன. 1988இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் றிச்சர்ட்ஸும் ஸ்கொட்லாந்தின் ஜோன் ஜெப்ரியும் அதை விருந்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் பந்தாக்கி நசுக்கிவிட்டார்கள். றிச்சர்ட்ஸ் அப்போது பொலிஸ் உத்தியோகத்தர் என்பதைக் கதை சொல்பவர்கள் கடைசி வரை மறைத்து வைத்திருந்து அவிழ்ப்பார்கள். அவருக்கு ஓர் ஆட்டத் தடையும் ஜெப்ரிக்குப் பல மாதத் தடையும் கிடைத்தன. இந்தக் கதையில் கூட்டிச் சொல்ல எதுவும் தேவைப்படவில்லை, நடந்ததே போதும்.

இன்னொன்று 1982இல் பாரிஸில் நடந்தது. விருந்தில் ஒவ்வொரு வீரருக்கும் சவரத்துக்குப் பின் பூசும் வாசனைத் திரவம் ஒரு போத்தல் பரிசாக வைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் மொறிஸ் கோல்க்ளப் தன் போத்தலை இரகசியமாகக் காலி செய்து வேறொன்றை நிரப்பி ஒரே மூச்சில் குடித்துக் காட்ட, அதை நம்பிய கொலின் ஸ்மார்ட் தன் போத்தலிலிருந்த உண்மையான திரவத்தைக் குடித்து வைத்தியசாலைக்குப் போனார். அவர் பிழைத்ததனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு கேட்க முடிகிறது.

மூன்றாவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 1974இல் மக்பிறைட் தலைமையில் தென்னாபிரிக்கா சென்ற பிரித்தானிய, அயர்லாந்து லயன்ஸ் அணி, 22 ஆட்டங்களில் 21ஐ வென்று ஒன்றைச் சமன் செய்தது. வெற்றி இரவொன்றில் வீரர்கள் விடுதியை உடைத்துக்கொண்டிருக்க, பதறிய முகாமையாளர் தலைவரின் அறைக்கு ஓடி, பொலிஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாராம். உள்ளாடையுடன் கட்டிலில் அமர்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்த மக்பிறைட், ‘எத்தனை பேர் வருவார்கள்?’ என்று அமைதியாகக் கேட்டாராம். சொல்பவருக்குச் சொல்பவர் ஊரும் வார்த்தையும் மாறுகின்றன. அந்த முகாமையாளர் பக்கத்துக் கதையை எந்த விருந்திலும் யாரும் சொல்வதில்லை. நிறவெறி ஆட்சி நடந்த நாட்டுக்குப் பிரித்தானிய அரசின் எதிர்ப்பையும் மீறிப் போன பயணம் அது என்பதும், பிரித்து ஒதுக்கப்பட்ட பகுதிகளில் நின்று பார்த்த கறுப்பின மக்கள் தம் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று லயன்ஸுக்காக ஆர்ப்பரித்தார்கள் என்பதும் சிரிப்புக்கிடையில் விடுபட்டுவிடுகின்றன. எனக்கு அந்த ஆர்ப்பரிப்புத்தான் முழுக் கதையிலும் பெரிய செய்தி.

கேள்வி: எலும்பு முறிந்ததையும் பல் விழுந்ததையும் நகைச்சுவையாகச் சொல்வது சரியா?
— ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: பட்டவர் சொன்னால் சரி. 1970இல் தென்னாபிரிக்காவில் கொலின் மீட்ஸ் முறிந்த கையுடன் ஆட்டம் முடியும் வரை நின்றார். 1978இல் பூட்ஸ் மிதித்துக் கன்னம் கிழிந்த ஜே. பி. ஆர். வில்லியம்ஸுக்கு, பார்வையாளராக வந்திருந்த வைத்தியரான அவருடைய தந்தையே ஏறத்தாழ முப்பது தையல் போட, அவர் திரும்பவும் மைதானத்துக்குள் இறங்கினார். 1968 வரை சர்வதேச ஆட்டங்களில் காயப்பட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க விதியே இல்லாதிருந்ததால், வெளியேறினால் அணிக்கு ஓராள் குறையும் என்ற நினைப்பு அந்தத் தலைமுறையின் இரத்தத்தில் ஊறியிருந்தது. அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தலையில் அடிபட்டு நிலைதடுமாறியவர் எதிரணிப் பக்கம் போய் நின்ற கதைக்கு என்னால் இப்போது சிரிக்க முடியவில்லை. 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதி நோய்க்கு ஆளாகி, அந்த வெற்றியே தனக்கு நினைவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லும்போது தலையடிக் கதைகளை வீரமாகச் சொல்லாதீர்கள், ரீச்சர்.

கேள்வி: இந்தப் பெரிய வீரர்கள் யாராவது இலங்கைக்கு வந்து ஆடியிருக்கிறார்களா?
— மாணவன், வவுனியா

பதில்: ஆம், தம்பி. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆடிவிட்டுக் கப்பலில் திரும்பிய லயன்ஸ் அணி 1950இல் கொழும்பில் இலங்கை அணியுடன் ஆடியது. கொலின் மீட்ஸ் பெயர்பெறுவதற்கு முன்பே, 1955இல், நியூசிலாந்தின் இளையோர் அணியுடன் இங்கு வந்தார். நம் பாடசாலைகளில் இந்த ஆட்டம் 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் தொடங்கியது. ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர் எனப் பெயரெடுத்த சும்மா நவரத்தினம், இலங்கைக்கு றக்பியும் ஆடிய தமிழர்.

கேள்வி: என் தகப்பனார் எழுபதுகளில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடியவர். இப்போதும் கதை சொன்னால் வீடே சிரிக்கும். ஆனால் காட்டுவதற்கு ஒரு படமோ கிண்ணமோ இல்லை. இதை எப்படிப் பாதுகாப்பது?
— வாசகி, முள்ளியவளை

பதில்: இந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பக்கத்தை நீட்டினேன், தங்கச்சி. கல்கத்தாக் கிண்ணம் நசுங்கியபோது திருத்திக்கொள்ள ஒரு சங்கமும் எழுதி வைக்கப் பத்திரிகைகளும் இருந்தன. 2008, 2009 இடப்பெயர்வுகளில் வன்னிக் கழகங்களின் கிண்ணங்களும் படங்களும் கூட்டறிக்கைக் கொப்பிகளும் பதுங்குகுழிகளோடும் வழியோரங்களோடும் போய்விட்டன. பல ஊர்களில் யார் எந்த ஆண்டு ஆடினார் என்பதற்கு உங்கள் தகப்பனாரைப் போன்றவர்களின் நாக்கைத் தவிர வேறு பதிவு கிடையாது. அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதை விளையாட்டாக எண்ணிக் கேட்டுவிட்டு எழும்பிப் போகாதீர்கள்.

கைபேசியில் பதிவு செய்யுங்கள். வெற்றி தோல்வியை முதலில் கேட்காமல் பந்தைப் பற்றிக் கேளுங்கள்: நாடா கட்டிய தோற்பந்து மழையில் நனைந்தால் எவ்வளவு பாரம், தலையால் அடிக்கும்போது அந்த நாடா நெற்றியில் எங்கே பட்டது, கிழிந்தால் ஊரில் யார் தைத்துக் கொடுத்தார், கோல் கம்பத்துக்குத் தடி எந்தக் காட்டில் வெட்டினார்கள், அயலூர்ப் போட்டிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் எத்தனை பேர் ஏறினார்கள். கை தொட்ட பொருளைக் கேட்டால் ஆட்களின் பெயர்கள் தாமாக வரும்.

றக்பிக்காரரிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர்களின் விருந்தில் இரு அணிகளும் ஒன்றாக உட்காரும். நீங்களும் அப்பாவை மட்டும் இருத்தாமல், அவருக்கு எதிராக ஆடிய ஒருவரைத் தண்ணீரூற்றிலிருந்தோ குமுழமுனையிலிருந்தோ தேடிக் கூட்டி வாருங்கள். எதிரணிக்காரர் பக்கத்தில் இருந்தால் ஒருவர் கூட்டிச் சொல்வதை மற்றவர் வெட்டுவார். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரமும் பிளேன்ரீயும் வடையும் போதும். கதையில் வரும் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பெயர்களை எழுதும்போது மட்டும் அவர்களின் வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியதை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழிலிருந்து இடம் ஒதுக்குகிறோம். கரப்பந்தாட்டக்காரர்களும் கிளித்தட்டு மறித்த அக்காமாரும் அனுப்பலாம்.