இலக்கணம் தெரியும், வாய் வரவில்லை என்ற பெருந்துறை அம்மிணிக்கு

இன்னும் இரண்டு மாதத்தில் கணவரோடு பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு விசாவில் கனடாவில் நான் இருக்கும் பிராம்ப்டன் வருகிறீர்கள். இலக்கணப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பினால் பத்துக்கு எட்டு சரியாக வருகிறது, வாயைத் திறந்தால் டென்ஸ் எல்லாம் குழம்பிப்போகிறது, புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து முடித்துவிட்டு அப்புறம் பேச ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மிணி. புத்தகத்தை மூடி வையுங்கள். இந்த இரண்டு மாதமும் பெருந்துறை வீட்டிலேயே, சத்தமாக, உங்கள் சொந்தச் சங்கதிகளைப் பேசுங்கள்.

நான் கோபிக்காரி. 2011இல் இங்கே வந்தேன். வந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்குப் படிவம் வாங்கப் போனேன். ‘கிவ் மீ த ஃபார்ம்’ என்றேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் இறுகிவிட்டது. படிவத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அன்று இரவெல்லாம் அழுதேன். என் மனதில் நான் சொன்னது ‘அந்த ஃபாரத்தக் குடுங்க’ என்றுதான். நம் ஊரில் இடுப்புக் குழந்தையைக்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்போமே, அந்த ‘ங்க’ ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டது.

ஆங்கில வினைச்சொல்லின் கடைசியில் மரியாதையை ஒட்ட இடமில்லை. அவர்கள் அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கிறார்கள்: ‘குட் (could) ஐ ஹேவ்’, ‘வுட் யூ மைண்ட்’. ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதினோம். கடையிலும் அலுவலகத்திலும் அதுதான் நம் ‘ங்க’. ஆகவே முதல் பயிற்சி இது: ஒரு நாளில் வீட்டில் எத்தனை ‘ங்க’ சொல்கிறீர்களோ, அத்தனையையும் ‘குட் யூ’ வைத்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். தண்ணி குடுங்க, கொஞ்சம் நகருங்க, நாளைக்கு வாங்க. கொங்கு நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மரியாதை தெரிந்த சனம், மரியாதை தெரியாதவர்கள் என்று பெயர் வாங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, உங்கள் டென்ஸ் குழப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் நடுத்தர நிலை. சொல் தெரியும், விதி தெரியும், வேகம்தான் இல்லை. ஒரே சம்பவத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகுங்கள். நேற்று ஈரோடு மஞ்சள் மண்டிக்கு மாமாவோடு போனீர்கள் என்று வையுங்கள். முதலில் நேற்று நடந்ததாகச் சொல்லுங்கள். அடுத்து, வாரா வாரம் நடப்பதாக. அப்புறம், நாளைக்குப் போகப்போவதாக. மூட்டை, தரகர், விலை எதுவும் மாறாது, வினை மட்டும் மாறும். யோசிக்க வேறு வேலை இல்லாததால் நாக்கு வினையைப் பிடித்துக்கொள்ளும். அதோடு ‘ஹீ’, ‘ஷீ’ வந்தால் வினையில் ‘எஸ்’ சேர்ப்பதும் இரண்டாம் சுற்றில் தானாகப் பழகும்.

எல்லோரும் பயப்படும் ‘ஹேவ்’ இருக்கிறதே, அது நமக்கு அந்நியம் இல்லை. ‘பார்த்திருக்கிறேன்’ என்பதில் உள்ள ‘இருக்கிறேன்’தான் அது. ‘ஐ ஹேவ் சீன் இட்.’ ஆனால் இரண்டு இடத்தில் தமிழ் நம்மை வழுக்கிவிடும். ஒன்று, ‘நேத்தே வந்திருக்காரு’ என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ கூடாது, ‘ஹீ கேம் எஸ்டர்டே’ மட்டும்தான். இன்னொன்று, ‘மூணு வருஷமா இங்க இருக்கேன்’. தமிழில் நிகழ்காலம் போதும் என்பதால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. அவர்களுக்கு அது ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. வேலைக்கான நேர்காணலில் இந்த ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். எத்தனை வருஷமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்காத ஆளில்லை. உங்களைப் பற்றிய உண்மையான பத்து ‘ஆக’ வாக்கியங்களை எழுதாமல், சொல்லிச் சொல்லியே மனதில் ஏற்றுங்கள்.

ஐ.டி.யில் இருக்கும் உங்கள் கணவர் சரளமாகப் பேசுவார், ஆனால் பிழையும் அதே வேகத்தில் வரும் என்றீர்கள். அவருக்குப் பயிற்சி வேறு. போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, மறுநாள் அவரே கேட்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பிழையைத்தான் பிடிக்க வேண்டும், உதாரணமாக ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதற்குப் பதில் ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்பது. மேல்நிலைக்காரர்களுக்குக் கடினமான ‘வுட் ஹேவ்’ தமிழில் அச்சாக இருக்கிறது: ‘நூல் திங்கட்கிழமை வந்திருந்தால் சரக்கை அனுப்பியிருப்போம்.’ ‘வந்திருந்தால்’ இருக்கும் பக்கம் ‘ஹேட்’, ‘அனுப்பியிருப்போம்’ இருக்கும் பக்கம் ‘வுட் ஹேவ்’. செயப்பாட்டு வினைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியைவிட நல்ல பாடம் கிடையாது. துணி பின்னப்படுகிறது, சாயம் ஏற்றப்படுகிறது, வெட்டப்படுகிறது, தைக்கப்படுகிறது, செக்கிங் முடிந்து பேக்கிங் ஆகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் அவர் பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு சொல்லுங்கள். பாதியில் திருத்தப்பட்டவர் அடுத்த வாக்கியத்தைச் சின்னதாக்கிக்கொள்வார்.

பின்னால் வரப்போகும் மாமியாருக்கும் கேட்டிருந்தீர்கள். எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு விதி எதுவும் சொல்லாதீர்கள். அடுப்படியில் நின்று, கையில் இருப்பதைக் காட்டி ‘திஸ் இஸ்’, ‘தேர் ஆர்’. அரிசிம்பருப்பு செய்யும்போது ‘வாஷ் த ரைஸ்’, ‘ஆட் த தால்’ என்று ஒவ்வொரு கைவேலைக்கும் ஒரு வினை. அப்புறம் கேள்வி. ‘வருவீங்களா’ என்று கடைசியில் ஓர் ‘ஆ’ போட்டால் நமக்குக் கேள்வி ஆகிவிடும். அங்கே ‘டூ யூ’ முன்னால் வரவேண்டும். இதற்கு அவருக்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இங்கே வந்ததும் ‘லிங்க்’ என்கிற அரசு ஆங்கில வகுப்பைக் கேளுங்கள். பி.ஆர். உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. குடியுரிமை வாங்கிய பிறகு அதில் சேர முடியாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். முதலில் உங்கள் நிலையைச் சோதிப்பார்கள். சி.எல்.பி. என்ற கனேடிய அளவுகோலில் 12 படிகள். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குக் குடியுரிமைக்குப் பேசவும் கேட்கவும் 4ஆம் படி வேண்டும். நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பல நூலகங்களில் சும்மா உட்கார்ந்து பேசும் கூட்டங்களும் நடக்கின்றன. நான் அதில்தான், பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவது, அதாவது தீ மிதிப்பது எப்படி, ஏன் என்று ஓர் ஈரானியப் பாட்டிக்கு இருபது நிமிடம் விளக்கினேன். எத்தனை பிழை விட்டேன் என்று எண்ணவில்லை. அவர் அடுத்த வாரம் தன் ஊர்த் திருவிழாவைச் சொன்னார்.

நிலைச் சோதனையில் ஒரு விஷயம். உங்கள் அன்றாட வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பிக்காதீர்கள். உயர்ந்த வகுப்பில் போட்டுவிட்டால் அங்கே வாய் திறக்காமல் மாதக்கணக்கில் உட்கார வேண்டிவரும். மஞ்சள் மண்டிக் கதையையே சொல்லுங்கள், தடுமாறுகிற இடத்தில் தடுமாறியபடி.