எல்லாம் ஆறிப்போகுமென்றால்: கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் கணிதப் பிரிவு. அடுத்த வருடம் சோதினை. இரசாயனவியல் ரியூசனில் எந்திரப்பி, அதுதான் ஒழுங்கின்மையை அளக்கும் என்ட்ரோபி, படிப்பித்த நாளில் இருந்து ஒரு விசயம் மண்டைக்குள் நிற்கிறது. எல்லாம் ஒழுங்கின்மையை நோக்கித்தான் போகும் என்றால் மரம், மாடு, மனிசர் எல்லாம் எப்படி வந்தது? எங்கள் ஊர்க் கோயிலில் பிரசங்கம் செய்த ஒருவர், "வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியே சொல்லுது, உயிர் தானாக வந்திருக்க ஏலாது" என்றார். சனமும் தலையாட்டியது. அம்மப்பா இன்னொரு பக்கம், "பிரபஞ்சத்தின்ர முடிவெண்டு விஞ்ஞானி சொல்லுறது எங்கட சங்காரம்தான், சித்தாந்தம் எப்பவோ சொல்லிப்போட்டுது" என்கிறார். நான் யூரியூப்பில் பார்த்த வீடியோவில் கடைசியில் நட்சத்திரமெல்லாம் அணைந்து, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்து, அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது என்று சொன்னார்கள். அன்று இரவு நித்திரை வரவில்லை. அப்படித்தான் முடியும் என்றால் ஏன் சேர் இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வேணும்? சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் கேட்கிறேன். பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

சிரிக்கவில்லை. முதலில் அந்தப் பிரசங்கியாரைப் பார்த்துவிடுவோம்.

அவர் விதியைச் சரியாகத்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறார், பாதியை விழுங்கிவிட்டார். 1865இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் கிளவுசியஸ் எந்திரப்பிக்குப் பெயர் வைத்த காலத்தில் இருந்தே அந்த விதி தனிமைப்படுத்திய தொகுதிக்கு உரியது. வெளியில் இருந்து எதுவும் உள்ளே வராத, உள்ளே இருந்து எதுவும் வெளியே போகாத ஒன்றில்தான் மொத்த எந்திரப்பி குறையாது. சோதினையில் நீர் அந்த நிபந்தனையை விட்டால் புள்ளி வெட்டுவார்கள். மேடையில் வெட்ட ஆளில்லை.

ஆனையிறவு உப்பளத்தை யோசித்துப் பாரும். சோழகம் வீசும் காலத்தில் பாத்தியில் கட்டிய கடல்நீர் வற்றுகிறது. அதுவரை சோடியமும் குளோரைட்டும் தண்ணீருக்குள் கண்டபடி அலைந்துகொண்டிருந்தவை. தண்ணீர் போகப் போக அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில், மாறி மாறி, கனசதுரமாக அடுக்கிக்கொள்கின்றன. உப்புக்கல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் அந்த அடுக்கின் விளிம்பு கண்ணுக்கே தெரியும். யாரும் கைவைத்து அடுக்கவில்லை, இரண்டாம் விதிக்கும் ஒரு கீறல் விழவில்லை. ஆவியாகிக் காற்றோடு போன தண்ணீர், பாத்தியில் குறைந்ததைவிட அதிகமான எந்திரப்பியைக் கொண்டுபோய்விட்டது. ஓரிடத்தில் ஒழுங்கு கூடும், அதற்கான விலை வேறிடத்தில் கட்டப்படும். உப்புக்கல் உயிரல்ல, அதுவும் எனக்குத் தெரியும். முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனால் "இரண்டாம் விதி தடுக்கிறது" என்ற வாதம் ஆனையிறவைக்கூடத் தாண்டாது.

அந்த விலை எங்கே கட்டப்படுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சூரியன் எங்களுக்குச் சக்தி தருகிறது என்று சின்ன வகுப்பில் இருந்து படிக்கிறோம். தருவது உண்மை, ஆனால் பூமி அதை வைத்துக்கொள்வதில்லை. வந்ததில் ஏறத்தாழ முழுவதும் திரும்ப விண்வெளிக்குப் போய்விடுகிறது. போகாவிட்டால் எப்போதோ வெந்திருப்போம். (பச்சைவீட்டு வாயுக்கள் சேர்ந்ததால் இப்போது போவது வருவதைவிடச் சற்றுக் குறைவு. அந்தச் சிறு மிச்சம்தான் பூமி சூடேறுவது.) வரவும் செலவும் ஒன்றென்றால் எங்களுக்கு என்ன லாபம்? லாபம் அளவில் இல்லை, தரத்தில். சூரிய ஒளி 5,800 கெல்வின் வெப்பநிலையுள்ள மேற்பரப்பில் இருந்து வருகிறது. பூமி அதே சக்தியைச் சராசரியாக 255 கெல்வினில், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. கணக்குப் பார்த்தால், வரும் ஒளித்துணிக்கை ஒன்றுக்குப் போகும் துணிக்கைகள் சுமார் 20. ஒன்றாக வந்த சக்தி 20 பங்காகச் சிதறிப் போகிறது. அந்தச் சிதறலுக்கு நடுவில்தான் இலை, புல், மாடு, பால், நீர், நான் எல்லோரும் இருக்கிறோம்.

1943இல் டப்ளினில் உரையாற்றிய பௌதிகவியலாளர் சுரோடிங்கர், உயிரினம் எதிர் எந்திரப்பியைத் தின்று வாழ்கிறது என்றார். பௌதிகவியலாளர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு, பௌதிகவியலாளருக்கு மட்டும் சொல்வதென்றால் சுயாதீன சக்தி என்றே பேசியிருப்பேன் என்று அவரே ஒரு குறிப்புச் சேர்த்தார். கிப்சின் பெயரோடு நீர் இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டு படிக்கும் அதே சுயாதீன சக்திதான், அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய சக்தி.

இதில் சூரியனுக்கு எல்லோரும் பொங்கல் வைக்கிறோம். குளிர்ந்த இரவு வானத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் வானம் வெளித்திருக்கும் ஓரிரவு, முற்றத்து வெளியில் ஒரு மோட்டார் சைக்கிளையும் மாமரத்துக்குக் கீழே ஒன்றையும் நிறுத்திவிட்டு விடியப் பாரும். வெளியில் நின்றதன் சீற் தொப்பென்று நனைந்திருக்கும், மரத்துக்குக் கீழே நின்றது காய்ந்திருக்கும். பனி மழைபோல மேலிருந்து விழுகிறது, மரம் மறைத்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வெளியில் நின்ற சீற் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிராக வீசி, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது. மரத்துக்குக் கீழே நின்றதற்கு மேலே வானம் இல்லை, மரத்தின் இலைகள்தான். அவை ஏறத்தாழ அதே வெப்பநிலையில் கதிரைத் திருப்பி வீசுகின்றன. வானம் முழுவதும் சூரியனைப்போல எரிந்தால் சக்தி கொட்டிக் கிடக்கும், ஆனால் ஒரு பாசிகூட முளைக்காது. சூடு வருவதற்கும் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் இரண்டு வேறு இடம் வேண்டும். எங்களை வாழ வைப்பது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே உயிர் எந்திரப்பியின் எதிரி அல்ல. உண்மையைச் சொன்னால் உயிர் அதன் வேலையை விரைவாக்குகிறது. சும்மா இருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறார். கிலோவுக்குக் கிலோ கணக்கிட்டால் இது சூரியனைவிட ஏறத்தாழ 7,000 மடங்கு. நம்ப முடியாவிட்டால் சூரியனின் மொத்த வலுவை அதன் திணிவால் பிரித்துப் பாரும், இரண்டும் உமது புத்தகத்திலேயே இருக்கும். இதை வைத்துக்கொண்டு "எந்திரப்பியைக் கூட்டுவதுதான் உயிரின் நோக்கம்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது என்பதற்காகப் பள்ளத்தை நிரப்புவது தண்ணீரின் நோக்கம் ஆகாது.

இனி உமது நித்திரையைக் கெடுத்த விசயம்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், உப்பில் இருந்து சூரியனுக்கு, சூரியனில் இருந்து அது பிறந்த வாயு முகிலுக்கு, அங்கிருந்து 1,380 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தொடக்கத்துக்குப் போய் நிற்போம். அந்தத் தொடக்கம் ஏறத்தாழ முற்றிலும் சமமாகப் பரவியிருந்தது. அந்தக் காலத்தில் இருந்து மிஞ்சிய அண்டப் பின்னணிக் கதிரில் இன்றும் அளக்கிறார்கள், மேடுபள்ளம் ஒரு இலட்சத்தில் ஒரு பங்குதான். சமமாகப் பரவியிருப்பது உயர் எந்திரப்பி அல்லவா என்று நீர் கேட்பீர், கேட்கவும் வேண்டும். போத்தலுக்குள் அடைத்த வாயுவுக்கு அது சரி. ஈர்ப்பு விசை ஆளும் இடத்தில் கதை தலைகீழ். அங்கே சடப்பொருள் திரண்டு கட்டியாவதுதான் இயல்பு, எந்திரப்பி கூடும் திசையும் அதுதான். எல்லாவற்றிலும் உச்சம் கருந்துளை. ஆகவே அந்தச் சமமான தொடக்கம் மிகமிகத் தாழ்ந்த எந்திரப்பி. பிரித்தானியப் பௌதிகவியலாளர் பென்ரோஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். அது ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. என்னைக் கேட்டால் முடிவைவிட இந்தத் தொடக்கம்தான் நித்திரையைக் கெடுக்கத் தகுந்தது.

முடிவின் கணக்கு இது. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசம் கூடி, இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடல்களை வற்ற வைக்கும். 500 கோடி ஆண்டில் ஊதிச் சிவந்து, பிறகு வெண்குள்ளனாக, அதாவது எரிந்தோய்ந்த சிறு நட்சத்திரமாகச் சுருங்கும். வெண்குள்ளனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டென்று 1930இல், 19 வயதில், இந்தியாவில் இருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலிலேயே கணக்கிட்டவர் எங்கள் தமிழர் சந்திரசேகர். 1935இல் அதை இலண்டன் வானியல் சபையில் வைத்துக் கேலி செய்தவர் அக்காலத்தின் பெரிய வானியலாளர் எடிங்டன். இரண்டாம் விதியோடு மோதும் கோட்பாட்டுக்கு மீட்சியே இல்லை என்று எழுதிய அதே எடிங்டன்தான்! நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. போகட்டும். புதிய நட்சத்திரங்கள் பிறப்பது சுமார் 100 இலட்சம் கோடி ஆண்டில் ஓயும். அதன் பின் கருந்துளைகள். ஹோக்கிங் 1974இல் சொன்னபடி அவையும் கசிந்து கரையும். சூரியன் அளவான ஒன்றுக்கு 1 போட்டு 67 பூச்சியம் எழுதிய அளவு ஆண்டு, மிகப் பெரியவைக்கு 100 பூச்சியம். இதற்கிடையில் பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்பது 1998இல் தெரியவந்தது. அந்த வேகம் என்றைக்கும் இப்படியே இருக்குமா என்று அண்மைய அளவீடுகள் சந்தேகம் கிளப்பியிருக்கின்றன. அது தளர்ந்தால் மேற்சொன்ன கதையின் கடைசி அத்தியாயம் மாறும்.

அந்த முடிவில் சக்தி தீர்ந்துபோவதில்லை. தீர்வது வித்தியாசம் மட்டும்.

அம்மப்பாவிடம் மரியாதையோடு சொல்லும், இரண்டும் ஒன்றல்ல. சித்தாந்தத்தில் சங்காரம் என்பது பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறல். அவை மாயையில் ஒடுங்கும், மலம், அதாவது உயிரைக் கட்டிய அழுக்கு, இன்னும் மிச்சம் இருப்பதால் திரும்பத் தோன்றும். அந்தம் ஆதி என்று சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே சொல்கிறது. அங்கே ஒடுக்குபவன் இருக்கிறான், நோக்கம் இருக்கிறது, கருணை இருக்கிறது. பௌதிகவியல் சொல்லும் முடிவில் இளைப்பாற ஆளில்லை, திரும்பத் தொடங்கும் என்ற உறுதியும் இல்லை. சித்தாந்தத்தை விஞ்ஞானத்தின் முன்னறிவிப்பாக்கி மெச்சுகிறவர்கள், அது உயிரைப் பற்றிச் சொன்னதை எல்லாம் கழித்துவிட்டு அழிவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அது சைவத்துக்கு நல்லதில்லை, பௌதிகவியலுக்கும் தேவையில்லை.

ஏன் படிக்க வேணும் என்று கேட்டீர். 100 பூச்சியம் போட்ட ஆண்டுக்கணக்கு உமது சோதினையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உமது பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லாது. வித்தியாசம் அழிவதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தக் கிணற்றையும் எட்டிப் பாரும். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நிற்கும் என்பது கணக்கு. மறுவளமாகப் பாரும்: மோட்டார் போட்டு இறைத்து மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் கீழே உவர் அதைப்போல 40 மடங்கு மேலே ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் ஒருவரும் இதைக் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. சவர் ஏறிய கிணறு ஒரு மாரியில் திரும்பாது. கலப்பது சும்மா நடக்கும், பிரிப்பதற்குக் காசு கட்ட வேண்டும்.

எவ்வளவு என்று நீரே கண்டுபிடிக்கலாம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அதற்கான மிகக் குறைந்த சக்தியைக் கணியும். கடல்நீரின் பிரசாரண அமுக்கம், அதாவது உப்பில் இருந்து தண்ணீரைப் பிரிக்க மீற வேண்டிய அமுக்கம், சுமார் 27 பார். அதை ஒரு கன மீற்றரால் பெருக்கினால் 2.7 மெகாயூல், மின்சாரக் கணக்கில் 0.75 யூனிற். உலகில் நன்றாக இயங்கும் நிலையங்கள்கூட கன மீற்றருக்கு 3 யூனிற் வரை எடுக்கின்றன. மிச்சம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து எழுதும், பெயர் போடாமல் பிரசுரிக்கிறேன்.